நியமனமும் அமானிதமும்

பல்கலைக்கழகம் விட்டு வெளிவரும் இளைஞர்களை வறிய பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களாக அனுப்புவது நல்ல காரியம் என்பதில் எவருக்கும் ஐயம் இருப்பதில்லை. படித்தவருக்குத் தொழில், பிள்ளைக்கு ஆசிரியர், அரசாங்கத்துக்கு நற்பெயர். மூன்று பக்கமும் இலாபம். எல்லோருக்கும் இலாபம் என்று சொல்லப்படும் ஒரு காரியத்தில் நட்டம் யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. ஹட்டன் நகரில் பிறந்து, கொட்டகலையைச் சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளில் இருபத்தாறு ஆண்டுகள் படிப்பித்தவன் என்ற உரிமையில் அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்க்க விரும்புகிறேன்.

என் கேள்வி எளிமையானது. ஒரு நாள் போய்விடுவேன் என்று தெரிந்துகொண்டே வருகிற ஆசிரியர், தான் விட்டுப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்? அவரை அனுப்பும் அரசும், அவரைப் பெற்ற குடும்பமும், அவர் சார்ந்த சமூகமும் என்ன கடன்பட்டிருக்கின்றன? இந்தக் கேள்வியை இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் முன் வைப்பதற்குக் காரணம் உண்டு. மலையகத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு நியமனம் பெற்று வருகிறவர்களில் நம்மவர்கள் கணிசமானோர். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, கிண்ணியா என்று பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். அவர்களை வழியனுப்பி வைக்கும் வீடுகளும், திரும்ப அழைத்துக்கொள்ளத் துடிக்கும் வீடுகளும் நம்முடையவை.

கொட்டகலையை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹட்டனிலிருந்து பதுளைப் பக்கம் போகும் ரயில் சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்ததும் வருகிற சிறிய நிலையம் அது. நாலாபுறமும் தேயிலை. இந்தச் சின்ன ஊரை அண்டி, ஆசிரியர்களை உருவாக்கும் நிறுவனங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அரசினர் ஆசிரியர் கலாசாலை. மற்றது பத்தனைச் சந்திக்கருகில், 1990களில் ஜெர்மனிய உதவியோடு வளர்ந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி. தோட்டப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்குவதே அதன் தொடக்க நோக்கம். அப்படியிருந்தும் அதே மலைச்சரிவுகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆளில்லாத பாடசாலைகளை நான் பார்த்திருக்கிறேன். விளக்கடியில்தான் இருட்டு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இந்த இருட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

தோட்டப் பாடசாலை பிள்ளைக்காகப் பிறந்ததல்ல. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்குத் தோட்ட நிர்வாகத்தைப் பொறுப்பாளியாக்கியது. நிர்வாகமோ அதைத் தன் வசதிப்படி நிறைவேற்றியது. லயத்தின் ஓரத்தில் ஒரு மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள். கடிதம் எழுதுவதும், கணக்குப் பார்ப்பதும், துரையின் ஏவல் கேட்பதும் அந்த ஆசிரியரின் மறுபாதி வேலைகள். பிள்ளை மலைக்குப் போய்க் கொழுந்து கிள்ளும் வயது வரும்வரை அதைப் பத்திரமாக வைத்திருக்கும் இடம்தான் பாடசாலை. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெங்கும் விளக்கேற்றியபோது அதன் வெளிச்சம் லயங்களை எட்டவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனை நாடற்றவர்களாக்கியது. 1960, 61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களுக்குப் பிறகே அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. 1980களில் சுவீடன் நாட்டின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. ஏனைய சமூகங்கள் பட்டதாரிகளின் இரண்டாம் தலைமுறையைக் கண்டுகொண்டிருந்த காலத்தில் இங்கே அரச பாடசாலை என்பதே புதுச் செய்தி.

கட்டடத்தைச் சுவீடனோ ஜெர்மனியோ கட்டித் தரலாம். ஆசிரியரை யார் தருவது? யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள், கிழக்கிலிருந்து வந்தார்கள், மலையக இளைஞர்களே தொகுதி தொகுதியாக நியமிக்கப்பட்டார்கள். பிந்திய இரண்டு ஆட்சேர்ப்புகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் இரண்டு வகையான மனப்பாங்குகளைக் காட்டுகின்றன.

முதலாவது, 2014இல் தொடங்கிய ஆசிரியர் உதவியாளர் திட்டம். உயர்தரம் சித்தியடைந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டத்து இளைஞர், யுவதிகளை மாதம் 6000 ரூபா கொடுப்பனவில் பாடசாலைகளுக்கு அனுப்பினார்கள். அதே காலத்தில், 2013இன் கூட்டு ஒப்பந்தப்படி, தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் எல்லாக் கொடுப்பனவுகளையும் சேர்த்து 620 ரூபா. ஆகவே ஆசிரியரின் மாதக் கொடுப்பனவு, அவரைப் பெற்ற தாயின் பத்து நாள் உழைப்புக்கும் குறைவு. பிற்பாடு அது 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. உதவியாளர்கள் கலாசாலைகளில் பயிற்சி முடித்துச் சேவைக்குள் வந்தார்கள். அவர்களில் மிகச் சிறந்த ஆசிரியர்களை நான் அறிவேன். ஆயினும் வறிய பிள்ளைக்கு வறியவரே மலிவாகப் படிப்பிக்கட்டும் என்ற எண்ணம் அந்த 6000 ரூபாவுக்குள் ஒளிந்திருந்தது.

இரண்டாவது, 2020இன் பட்டதாரிப் பயிலுனர் திட்டம். 50,000 பட்டதாரிகளுக்குத் தொழில் என்று அறிவிக்கப்பட்டது. மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா. அவர்களுள் பலர் பாடசாலைகளில் இணைக்கப்பட்டார்கள். தொழிலற்ற பட்டதாரிகள் வீதியில் இறங்குவதும், தேர்தலை அண்டி ஆயிரக்கணக்கில் நியமனம் வழங்கப்படுவதும் இந்நாட்டுக்குப் புதிதல்ல. இந்த வகை ஆட்சேர்ப்பில் முதலில் கேட்கப்படும் கேள்வி, எத்தனை பட்டதாரிகள் தொழிலின்றி இருக்கிறார்கள் என்பது. எந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆளில்லை என்ற கேள்வி அதற்குப் பின்னரே வருகிறது, சில வேளை வருவதேயில்லை. கணித ஆசிரியரைக் கேட்டு விண்ணப்பித்த அதிபருக்கு அரசறிவியல் பட்டதாரி வந்து சேர்வார். அவர் தப்பானவர் அல்லர். அவர் படித்ததை அந்தப் பாடசாலையில் கேட்பாரில்லை. அவ்வளவுதான்.

உலகில் வேறெங்கும் இப்படி இல்லையா என்று கேட்கலாம். இதைவிட அழகாகச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வென்டி கோப் என்ற மாணவி தன் பல்கலைக்கழக ஆய்வேட்டில் எழுதிய யோசனை, 1990இல் ‘டீச் ஃபோர் அமெரிக்கா’ என்ற அமைப்பாயிற்று. பேர்பெற்ற பல்கலைக்கழகங்களில் படித்துத் தேறியவர்களைப் பொறுக்கி எடுத்து, சில வாரப் பயிற்சி கொடுத்து, வறிய மாணவர் படிக்கும் பாடசாலைகளில் இரண்டு ஆண்டுகளுக்கு அமர்த்துவது அதன் முறை. 2002இல் பிரித்தானியாவில் ‘டீச் ஃபர்ஸ்ட்’, 2009இல் மும்பாயிலும் புனேயிலும் ‘டீச் ஃபோர் இந்தியா’ என்று அது பரவியது. அமெரிக்காவில் 2004இல் வெளியான ஒரு பேராய்வு, இவர்களிடம் படித்த பிள்ளைகள் கணிதத்தில் ஏறத்தாழ ஒரு மாதப் படிப்பளவு முன்னேறியிருந்தார்கள் என்றும் வாசிப்பில் வேறுபாடு தென்படவில்லை என்றும் கண்டது. அனுபவமில்லாதவர்கள் பிள்ளைகளைக் கெடுத்துவிடுவார்கள் என்று பயந்தவர்களுக்கு அது ஒரு பதில். ஆனால் இரண்டு ஆண்டு முடிந்த சில காலத்துக்குள் பெரும்பாலானோர் தாம் அமர்த்தப்பட்ட பாடசாலைகளை விட்டுப் போய்விடுகிறார்கள் என்பதும் உண்மை. போனவர்கள் வழக்கறிஞர்களாகவும் நிர்வாகிகளாகவும் இருந்து கல்விக்காகக் குரல் கொடுப்பார்கள் என்பது அமைப்பின் நம்பிக்கை. சிலர் கொடுத்தும் இருக்கிறார்கள்.

இங்கேதான் ஒழுக்கவியல் சார்ந்த சங்கடம் ஒன்று தலைகாட்டுகிறது. அந்த இரண்டு ஆண்டுகள் இளைஞரைப் பண்படுத்துகின்றன, தலைவராக்குகின்றன, வறுமையைக் கண்ணால் காட்டுகின்றன என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் பிள்ளையின் வறுமை இளைஞரின் பாடப்புத்தகமாகி விடுகிறது. எவர் எவருக்குப் படிப்பிக்கிறார் என்ற கேள்வி புரண்டு போகிறது. பணம் படைத்தவர்களின் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிக்கு, உங்கள் பிள்ளைகளை வைத்து இரண்டு ஆண்டு பழகிக்கொள்ளட்டும் என்று எவரும் ஆள் அனுப்புவதில்லை என்பது நோக்கற்பாலது.

நம் ஊரில் அந்தப் பெருமைப் பேச்சும் இல்லை. அரசாங்கப் பத்திரம் இருக்கிறது, கஷ்டப் பிரதேசம் என்ற முத்திரை இருக்கிறது, இத்தனை ஆண்டு கட்டாய சேவை என்ற நிபந்தனை இருக்கிறது. கடிதம் கையில் கிடைத்த அன்றே இடமாற்றத்துக்கான ஓட்டமும் தொடங்கிவிடுகிறது.

நான் ஒரு பாடசாலையில் இருந்த காலத்தில் கிழக்கு மாகாணத்திலிருந்து ஓர் இளம் கணித ஆசிரியர் வந்தார். கெட்டிக்காரர். முதல் வாரத்திலேயே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். ஒரு நாள் பின்னேரம், கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தாய் ஒருவர், தலையில் படங்குச் சாக்கோடு பாடசாலைப் படியில் நின்று அவரிடம் கேட்டார்:

“சேர், கணக்கு சேர் வந்திருக்காருன்னு புள்ள சொல்லிச்சு. நீங்க எத்தன மாசத்துக்கு வந்திருக்கீங்க?”

அந்த இளைஞர் சிரித்துச் சமாளித்தார். அவருக்கு அக்கேள்வி வேடிக்கையாகப் பட்டிருக்க வேண்டும். தாய் குற்றஞ்சாட்டவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல்தான் கேட்டார். மூத்த பிள்ளையின் காலத்தில் நடந்ததை வைத்து, இளையதுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். ஆசிரியர் என்பவர் மாதக் கணக்கில் வருகிறவர் என்ற அறிவு அந்தத் தாய்க்கு எப்படி வந்தது என்று யோசித்தால் போதும், மலையகக் கல்வி பற்றிப் பல அறிக்கைகள் சொல்லாதது விளங்கிவிடும்.

பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்த்தாலும் அது தெரியும். புது ஆசிரியர் வந்தால் புதுக் கொப்பி போடச் சொல்வார். அது இயல்பு. பழைய கொப்பி பாதியில் நின்றுவிடும். அவர் போய் ஆளில்லாத மாதங்கள் கழிய, அடுத்தவர் வந்து மறுபடியும் முதலாம் பாடத்தில் தொடங்குவார். சாதாரண தரப் பரீட்சைக்கு வந்த ஒரு பிள்ளையிடம் பின்னங்கள் மூன்று கொப்பியில் இருந்தன. மூன்றும் வெவ்வேறு கையெழுத்துக்காரரிடம் திருத்தப்பட்டவை. முக்கோணவியல் ஒன்றிலும் இல்லை. ஆசிரியர் ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் சரியாகவே செய்திருந்தார்கள். எவரும் கடமை தவறவில்லை. கூட்டிப் பார்த்தால் பிள்ளைக்குக் கணிதம் தெரியவில்லை. தனித்தனி ஆட்களின் நல்லொழுக்கத்தைக் கூட்டினால் பொது நீதி வந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இவ்வளவும் சொன்னதால் அந்த இளம் ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறேன் என்று கொள்ளக்கூடாது. அவர்களுடைய பக்கத்தையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கடலோரத்து வெயிலில் வளர்ந்த பிள்ளை, மார்கழிப் பனியில் கைவிரல் மரத்துப் போய்ச் சுண்ணக்கட்டி பிடிக்கிறது. தோட்டத்தில் தங்க அறை கிடையாது. ஹட்டனிலோ கொட்டகலையிலோ நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அறை எடுக்க வேண்டும். பஸ்ஸில் பாதி வழி, ஆட்டோவில் மீதி வழி, மழை பெய்தால் அதுவும் இல்லை. 2022இன் எரிபொருள் நெருக்கடியில் சம்பளத்தில் பெரும்பங்கை வாகனத்துக்கே கொடுத்தவர்களை அறிவேன். தனியாக வரும் முஸ்லிம் பெண் ஆசிரியைக்குத் தங்குமிடம், உணவு, ஊர் வாய் என்று ஒவ்வொன்றும் ஒரு மலை. ஊரில் வாப்பா மவுத்தாகி, உம்மா தனியே. அல்லது கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்த ஆசிரியை. இரவு பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம் போய், ஒரு பகல் பிள்ளையோடு இருந்துவிட்டு, மறு இரவு பஸ் பிடிக்கிறார். இவரைப் பார்த்துத் ‘தியாகம் செய்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தியாகம் என்ற சொல்லையே இந்த விவாதத்திலிருந்து விலக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. ஒருவர் தானாக முன்வந்து செய்வதே தியாகம். அரசு தான் கட்டிக் கொடுக்க வேண்டிய விடுதியைக் கட்டாமல், தர வேண்டிய படியைத் தராமல், அந்தக் குறையை இருபத்தாறு வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு அதற்குத் தியாகம் என்று பேர் வைப்பது ஏய்ப்பு. தியாகிகளை நம்பி நடக்கும் பாடசாலை, தியாகி களைத்துப் போன அன்று மூடிவிடும்.

அப்படியானால் அந்தந்த ஊராரையே ஆசிரியராக்கிவிட்டால் போயிற்று என்பது மறுபக்க வாதம். இதில் பெரிய உண்மை இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளையின் மொழியை, வீட்டை, அது ஏன் திங்கட்கிழமை பாடசாலைக்கு வரவில்லை என்பதை, லயத்தில் வளர்ந்தவர் அறிவதுபோல் மற்றவர் அறிவது கடினம். மலையகத்தில் இன்று இருக்கும் கல்வி எழுச்சிக்கு அடித்தளமிட்டவர்களும் 1980கள் தொடக்கம் அங்கிருந்தே எழுந்த ஆசிரியர்கள்தாம். சில ஆண்டுகளுக்கு முன் கணித, விஞ்ஞான ஆசிரியர்களை இந்தியாவிலிருந்து கொண்டுவரும் யோசனை எழுந்து, ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தபோது, நம் பிள்ளைகளைப் பயிற்றுங்கள் என்றே மலையகத்தில் பலர் கேட்டார்கள். நியாயமான குரல்.

ஆனால் அதையே முழு விடையாக்க முடியாது. முதலாவது, உள்ளூரிலிருந்து கணிதப் பட்டதாரி வர வேண்டுமென்றால் அதற்கு முன் ஒருவர் அவருக்குக் கணிதம் படிப்பித்திருக்க வேண்டும். அந்த முதலாமவர் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். இரண்டாவது, உள்ளூரவரும் போகிறவர்தாம். தோட்டத்தில் பிறந்து பட்டம் பெற்றவர் தன் பிள்ளையை நகரப் பாடசாலையில் சேர்க்க ஹட்டனுக்கோ கண்டிக்கோ மாறிப் போவதைக் குறை சொல்ல நாம் யார்? ஊர்ப்பற்றை அவருக்கு மட்டும் சட்டமாக்கி, மற்றவர்களுக்கு விருப்பமாக விட்டுவைப்பது நீதியாகாது. மூன்றாவது, பிள்ளைக்குத் தன்னைப் போன்றவர் மட்டும் போதாது. நோன்பு நோற்றபடி படிப்பிக்கும் ஓர் ஆசிரியரை, கடலைப் பற்றிக் கதை சொல்லும் ஓர் ஆசிரியரை, மலைக்கு அப்பால் தமிழ் எப்படியெல்லாம் பேசப்படுகிறது என்பதைக் காதால் கேட்பதும் படிப்புத்தான். எங்கள் பிள்ளைகளும் அப்படியே வளர்ந்தார்கள். கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் யாழ்ப்பாணத்து ஆசிரியர்களிடம் படித்தவர்கள் இன்றும் அவர்களுடைய பெயரைச் சொல்லும்போது குரல் தாழ்த்துகிறார்கள். நாம் ஒரு காலத்தில் பெற்றுக்கொண்ட பக்கத்தில் இருந்தோம். இப்போது கொடுக்கிற பக்கத்தில் இருக்கிறோம் என்பதே நம் கடனை வரையறுக்கிறது.

ஆக, போவது தவறா? இதற்கு நம் வரலாற்றிலிருந்தே இரண்டு செய்திகளை எடுத்து வைக்கிறேன்.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, அதாவது 624இல் நிகழ்ந்த பத்ர்ப் போரில் சிறைப்பட்ட மக்கத்தவருள், ஈட்டுத்தொகை கொடுக்க வசதியற்ற, எழுத்தறிந்தவர்கள் சிலர் இருந்தார்கள். மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதப் படிப்பித்தால் விடுதலை என்று நபிகளார் (ஸல்) நிபந்தனை விதித்ததாகச் சீறா ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இதைக் கல்வியின் சிறப்புக்குச் சான்றாக மேடைகளில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். ஆசிரியர் நியமனத்தின் கண்ணால் ஒருமுறை பார்ப்போம். அந்த ஆசிரியர்கள் விரும்பி வந்தவர்கள் அல்லர். எதிரிகளாய் வந்தவர்கள். மனம் முழுக்க மக்காவில் இருந்திருக்கும். அவர்களிடம் எவரும் அன்பையோ தியாகத்தையோ கேட்கவில்லை. கேட்டது ஒன்றே: பத்துப் பிள்ளைகள் எழுத அறிய வேண்டும். தவணை நாளால் அளக்கப்படவில்லை, பிள்ளை கற்றதால் அளக்கப்பட்டது. கற்றுவிட்டதும் அவரைத் தடுத்து வைக்க எவருக்கும் உரிமை இல்லை. இரண்டு பக்கத்துக் கடனும் சுத்தமாகத் தீர்ந்தது.

நம்முடைய முறை நேர்மாறானது. தவணை ஆண்டால் அளக்கப்படுகிறது. அந்த ஆண்டுகளில் பிள்ளை என்ன கற்றது என்று எவரும் கேட்பதில்லை. ஆண்டு முடிந்தாலோ, பதில் ஆள் வந்தால்தான் விடுவிப்பு என்று ஆசிரியரை நிறுத்தி வைப்பார்கள். பதில் ஆளைக் கொண்டுவர வேண்டியவர்கள் கொண்டுவருவதில்லை. பிள்ளைக்குச் சொன்ன சொல்லும் காப்பாற்றப்படவில்லை, ஆசிரியருக்குச் சொன்ன சொல்லும் காப்பாற்றப்படவில்லை. இந்த உதாரணத்தை வைத்து, பரீட்சைப் பெறுபேற்றுக்கு ஏற்ப ஆசிரியரை விடுவியுங்கள் என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் செய்தால் கெட்டிக்காரப் பிள்ளைகள் பத்துப் பேரைப் பொறுக்கிக்கொண்டு மற்றவர்களைப் பின்வாங்கில் விட்டுவிடும் ஆபத்து உண்டு. நான் எடுத்துக்கொள்வது வரிசையை மட்டும்: முதலில் பிள்ளையின் தேவை, அதிலிருந்து ஆசிரியரின் தவணை.

இரண்டாவது செய்தி நமக்கு மிக அண்மையது. 1942இல், யுத்த கால உணவு உற்பத்திக்காக, ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். அவர் யாழ்ப்பாணத்தவர், நிர்வாக சேவையில் இருந்த இளைஞர். கல்முனையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்தாம் இருந்தார். பிறகு மாற்றலாகிக் கண்டிக்குப் போனார். அந்தச் சிறிய காலத்துக்குள் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாயிற்று. வறிய மாணவர்களைப் படிக்கவைக்கும் அந்த எண்ணமே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. எத்தனையோ பேர் அந்த நிதியால் பட்டதாரிகளானார்கள். அஸீஸ் அவர்கள் கல்முனையை விட்டுப் போனார் என்று எவரும் குறை சொன்னதில்லை. அவர் போன பிறகு அங்கே இருந்தது, அவர் வருமுன் அங்கே இருக்கவில்லை. ‘இரண்டு ஆண்டு’ என்ற காலம் குற்றமுமல்ல, புண்ணியமுமல்ல என்பதற்கு இதற்கு மேல் அத்தாட்சி வேண்டியதில்லை.

போவது தவறல்ல என்பதே என் முடிபு. பாதியில் போவது தவறு. போகும்போது எதையும் கைமாற்றாமல் போவது தவறு. அதைவிடப் பெரிய தவறு, பாதியில்தான் போக முடியும், கைமாற்ற வழியே இல்லை என்ற நிலையில் ஆட்களை அனுப்பிக்கொண்டிருப்பது.

நம்மிடையே அமானிதம் என்றொரு சொல் இருக்கிறது. ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பேணி, உரியவரிடம் குறைவின்றிச் சேர்ப்பது. அமானிதத்தை வைத்திருப்பவர் அதற்குச் சொந்தக்காரர் அல்லர், என்றென்றும் வைத்திருக்கவும் கடமைப்பட்டவர் அல்லர். ஆனால் வழியில் போட்டுவிட்டுப் போக அவருக்கு உரிமையில்லை. வகுப்பும் அப்படித்தான். பத்தாம், பதினோராம் வகுப்பு என்பது இரண்டு ஆண்டுப் பயணம். அதை ஏற்ற ஆசிரியர் பரீட்சை மண்டபத்து வாசல்வரை பிள்ளையோடு நடக்க வேண்டும். அதன் பிறகு ஊருக்குப் போகட்டும், தலைநிமிர்ந்து போகட்டும். நியமனக் கடிதத்திலேயே அந்தத் தவணை எழுதப்பட வேண்டும். முடிந்த திகதியில் எவருடைய சிபாரிசும் இல்லாமல் அவர் விடுவிக்கப்பட வேண்டும். போகிறவரும் வருகிறவரும் ஒரே வகுப்பறையில் ஒரு மாதமாவது சேர்ந்து நிற்க வேண்டும். எந்தப் பிள்ளை எதில் நிற்கிறது என்பதை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தங்க ஓர் அறை, போய்வர ஒரு படி, தேவையான பாடத்துக்குத் தகுந்த பட்டதாரி: இவை சலுகைகள் அல்ல. கடமையைக் கேட்கும் அரசு முதலில் காட்ட வேண்டிய முகம்.

அரசுக்குச் சொல்வது சுலபம். எழுத்தாளர் எவரும் இதுவரை அரசுக்குச் சொல்லாமல் விட்டதில்லை. நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான் கடினம். வருட நடுவில் ஓர் ஆசிரியருக்கு இடமாற்றம் கிடைக்கிறது. அமைச்சரின் கடிதமோ, பாராளுமன்ற உறுப்பினரின் தொலைபேசி அழைப்போ அதற்குப் பின்னால் இருக்கிறது. ஊரில் சந்தோஷம், வீட்டில் விருந்து. ‘எப்படியோ எடுத்துவிட்டோம்’ என்று பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். அந்த ‘எப்படியோ’வின் மறுமுனையில், கொட்டகலைப் பக்கத்து மலையொன்றில், நாற்பது பிள்ளைகள் கணித பாட நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கடிதம் எடுக்க வசதியுள்ளவர் போய்விட, வசதியற்றவரே எஞ்சுகிறார் என்பதால் இது சக ஆசிரியருக்கும் இழைக்கும் அநீதி. உம்மா நோயாளி என்றால், குழந்தை சின்னது என்றால், அதைக் கேட்க ஒழுங்கான வழி ஒன்று இருக்க வேண்டும். அதற்காகக் குரல் கொடுப்போம். குறுக்கு வழியில் கிடைத்த இடமாற்றத்துக்கு விருந்து வைப்பதையாவது நிறுத்துவோம். ஓர் இளைஞர் மலையில் தன் தவணையைப் பூர்த்தி செய்து ஊர் திரும்பினால், வெளிநாடு போய் வந்தவருக்குச் செய்யும் மரியாதையில் பாதியையாவது அவருக்குச் செய்வோம். எந்தக் காரியத்தைப் பாராட்டுகிறோமோ அதைத்தான் அடுத்த தலைமுறை செய்யும்.

நம் இலக்கியக் கூட்டங்களில் மலையகம் பற்றிய கதைகளுக்கும் கவிதைகளுக்கும் குறைவில்லை. கொழுந்துக்கூடையும் அட்டைக்கடியும் பனிமூட்டமும் அவற்றில் தவறாமல் வருகின்றன. அவற்றை எழுதியவர்களுள் அங்கே படிப்பித்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் துயரம் நமக்கு எழுத்தாகிக் கிடைத்திருக்கிறது. நாம் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது முக்கோணவியல். இரண்டும் சரிக்குச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். கடன் இன்னும் நம் பக்கத்தில்தான் நிற்கிறது. அது தீரும்வரை, நியமனம் பெற்று மலையேறும் நம் பிள்ளைகளிடம் நாம் சொல்லி அனுப்ப வேண்டியது ஒன்றுதான்: எப்போது வருவாய் என்று நாங்கள் கேட்க மாட்டோம், எந்த வகுப்பை முடித்துவிட்டு வருவாய் என்று கேட்போம்.